கப்பி மாற்றுகிறவர்கள்

"இன்னும் புல்லி மாத்திட்டுத்தான் இருக்கீங்களா? ஒரு டிரைவ் போட்டா வேலை முடிஞ்சுதுங்களே!" கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர், யாழ்ப்பாணத்துக் கத்திப் பட்டறை ஒன்றில் பழைய பெல்ற் கிரைண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னது. பட்டறைக்காரர் பேசாமல் வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

வேகத்தைக் குறைக்கும் தேவை இரு கரைக்கும் ஒன்றுதான். லொறி வில்லுத் தகட்டை வடிவத்துக்குக் கொண்டுவரும்போது கிரைண்டரின் பட்டி விரைந்து ஓடலாம். தோய்ச்சல் கொடுத்த அலகு அப்படியல்ல. மெலிந்த விளிம்பில் சூடு சட்டென்று ஏறும். முதலில் வைக்கோல் நிறம் தெரியும். நீலம் படர்ந்தால் சூடு 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது, அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது. திரும்ப உலைக்குத்தான் போகவேண்டும். இரு நாட்டிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நாலு முனை மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்றுச் சுற்றும். அதில் 10 சென்ரிமீற்றர் உருளையை நேரே பூட்டினால் பட்டி நிமிடத்துக்கு 450 மீற்றர் ஓடும். கள்ளுச் சீவும் பாளைக் கத்தியின் வாய்க்கு இது கூடுதல்.

கோவையில் இதற்கு, மோட்டருக்குப் போகும் மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றும் டிரைவ் போடுகிறார்கள். 50 ஹேர்ட்ஸை 25 ஆக்கினால் வேகம் பாதி. மிசினை நிறுத்தாமலே திருகிக்கொள்ளலாம். நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று பேஸ் மோட்டர் வேண்டும். மோட்டர் செய்கிற ஊரில் அது பக்கத்துத் தெருவில் கிடைக்கும். கோவையின் பீளமேட்டுப் பட்டறைகளை வாசலில் நின்று பார்த்தபோதே எனக்கு அது விளங்கியது. இங்கே பழைய விலைக்கு வருகிற கிரைண்டர்களில் பெரும்பாலும் கப்பாசிற்றர் வைத்த ஒற்றைப் பேஸ் மோட்டர். அதை வழக்கமான டிரைவில் பூட்ட முடியாது. விசிறி ரெகுலேற்றர் போட்டுக் குறைக்கப் பார்த்தால் சுருள் கருகும். டிரைவின் உள்ளே இரும்புத் தூள் போகாமல் பெட்டியும் அடைக்கவேண்டும். வேகம் மிகக் குறைந்தால் மோட்டரின் சொந்த விசிறியும் மெல்லச் சுற்றும், மோட்டர் சூடேறும்.

எங்கள் பட்டறையில் உருளையை மோட்டரிலிருந்து கழற்றி, இரண்டு பெயாரிங்கில் தனித் தண்டு போட்டிருக்கிறார்கள். மோட்டரில் 2, 3, 4 அங்குலப் படிக் கப்பி. தண்டில் அதே கப்பி தலைமாறி. எந்தப் படியிலும் இரு விட்டங்களின் கூட்டுத்தொகை 6. ஆகவே ஒரே வீ பெல்ற் மூன்றுக்கும் போதும். 720, 1440, 2880 என்று மூன்று வேகம். கீழ்ப்படியில் வேகம் பாதியாகும்போது தண்டின் இழுவை இரட்டிக்கிறது. அழுத்தினாலும் பட்டி நிற்பதில்லை. மோட்டரும் தன் முழு வேகத்தில் ஓடுவதால் குளிர்ந்தே இருக்கிறது. பெல்ற்றைத் தளர்த்தி, படி மாற்றி, இறுக்குவதற்குள் அலகும் ஆறிவிடும். அதை நேரவிரயம் என்பவர் கத்தி செய்து பழகாதவர்.

அவர்கள் புல்லி என்பது எங்களுக்குக் கப்பி, லேத் என்பது கடைச்சல். பெயர் எதுவானால் என்ன, எங்கள் பட்டறைகள் கப்பியோடு ஒட்டியதற்குக் காரணம் உண்டு. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் துளிப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கப்பி உள்ள மிசினை எந்த எஞ்சினோடும் பூட்டலாம். டிரைவை நம்பியவர் மின்சாரம் வரும்வரை இருக்கவேண்டியதுதான். தடையில்லாத மின்சாரம் இருந்தால் கோவைக்காரரின் வழியும் சரியே. இங்கே நான் கப்பியைத்தான் சொல்வேன்.

பழைய கிரைண்டர் வாங்க இருப்பவர்கள் முதலில் மோட்டர்த் தகட்டில் பேஸையும் சுற்றையும் வாசியுங்கள். ஒற்றைப் பேஸ் என்றால் டிரைவுக்குக் காசு கட்டாமல், படிக் கப்பி கடைந்து தரக்கூடிய கடைச்சற்காரரைத் தேடிப் போங்கள்.