வாக்குக் கொடுத்தவரும் விலை கொடுத்தவர்களும்

துப்புத் துலங்காத கொலையொன்றும், அதை விட்டு விலக மனம் வராமல் பதவியும் உறக்கமும் இல்லறமும் இழந்து சீரழியும் போலீஸ் அதிகாரி ஒருவரும் சேர்ந்துவிட்டால், ‘நுவார்’ என்று பிரெஞ்சுக்காரர் நாமகரணம் செய்த அந்த இருள் வகைக் கதை பிறந்துவிடுகிறது. அதைப் பற்றி இப்போது நம்மிடையே யார் பேச எழுந்தாலும், நாலாவது வாக்கியத்துக்குள் ஒரு சித்தாந்தமும் உடன்பிறந்துவிடுகிறது. செத்தவள் வெறும் நிமித்தமாம். அந்தக் கதைகளில் மெய்யாகவே கொலையுண்பவர் துப்பறிகிறவர்தானாம். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்கள் இதை வேதவாக்காகக் கொண்டு, ஒவ்வோர் இன்ஸ்பெக்டருக்கும் இளவயதில் காணாமற்போன தங்கை ஒருத்தியைத் தவறாமல் தானம் செய்து வருகிறார்கள். இந்த அபிப்பிராயம், இவ்விலக்கியத்தின் ஆகச் சிறந்த நூலை அவசரமாகப் படித்ததால் விளைந்த பிழை என்று எனக்கு வெகு நாளாக ஓர் எண்ணம்.

அவசரமாகப் படித்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிப் பிராயத்தில் எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த மர்ம நாவல் ஒன்றில் கடைசி நாலு பக்கங்களை யாரோ புண்ணியவான் கிழித்து எடுத்துவிட்டிருந்தான். கொலைகாரன் யாரென்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தேனே ஒழிய, அந்தக் கதையில் செத்தது யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆரம்ப காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1841 ஜூலையில், நியூயார்க்கில் சுருட்டுக்கடையொன்றில் வேலை பார்த்த மேரி ராஜர்ஸ் என்னும் பெண்ணின் பிரேதம் ஹட்சன் நதியில், ஹோபோக்கன் கரையருகே மிதந்தது. எட்கர் ஆலன் போ அந்த நிஜக் கொலையைப் பாரிஸுக்கு மாற்றி, அவளை மேரி ரோஜே ஆக்கி, நாற்காலியை விட்டு எழுந்திராமல் பத்திரிகைச் செய்திகளைக் கொண்டே தம்முடைய துப்பறிவாளர் உண்மையைப் பிழிந்தெடுப்பதாக 1842-43ல் தொடராக எழுதினார். 1845ல் நூலாக்கும்போது, இடையில் வந்துவிட்ட புதுச் செய்திகளுக்கு இசைவாகச் சில இடங்களைச் சத்தமில்லாமல் திருத்தியும் வைத்தார். மேரியைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிர்ணயமாகவில்லை. துப்பறியும் கதையின் பிதாமகர் நிஜமான பிணத்தின் எதிரே ஒரு முறை தடுமாறியதைப் பின்வந்த ஹோம்ஸ் யுகம் சௌகரியமாக மறந்துவிட்டது. பிறகு அமெரிக்காவில் ‘பிளாக் மாஸ்க்’ பத்திரிகை. பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறியும் வேலையே பார்த்துவிட்டு எழுத வந்த ஹாமெட். அவருக்குப் பின் சாண்ட்லர். 1939ல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ நாவலில் காரோடு கடலுக்குள் போய்ச் செத்த டிரைவரைக் கொன்றது யாரென்று படமெடுத்தவர்கள் கேட்டபோது, தமக்கும் தெரியாது என்று அவர் பதிலளித்த விஷயம் பிரசித்தம். இதைச் சாண்ட்லரின் மேதைமைக்குச் சான்றாகக் காட்டி ரசிப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த டிரைவரிடத்தில்தான் அனுதாபம். 1944ல் வந்த ‘லாரா’ படத்தில், கொலையுண்டவளின் சித்திரத்துக்குக் கீழே குடித்துக் கண்ணயரும் துப்பறிவாளர் அவளிடம் காதல்வயப்பட, அவளே உயிரோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். அழகான மோசடி. செத்தவள் துப்பறிகிறவருக்குக் கண்ணாடியாகும் வழக்கம் அந்தச் சித்திரத்தினடியில்தான் வேர்விட்டது என்பேன்.

நான் நிற்க விரும்பும் இடம் 1958, ஸ்விட்ஸர்லாந்து. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பற்றி ஜனங்களை எச்சரிக்க ஒரு படம் வேண்டுமென்று தயாரிப்பாளர் கேட்க, ஃபிரீட்ரிக் டூரென்மாட் அதற்குக் கதை கொடுத்தார். படத்தில் கொலைகாரன் ஒழுங்காக அகப்பட்டுக்கொள்கிறான். அந்த ஒழுங்கு அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். அதே கதையைத் திரும்ப எடுத்து, ‘வாக்குறுதி’ என்று பெயரிட்டு, துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்று உபதலைப்பும் சூட்டி நாவலாக்கினார். துப்பறியும் கதை எழுதுவது எப்படி என்று கூர் நகரத்தில் பேசப்போன எழுத்தாளர் ஒருவர், அதே வேளையில் வேறோர் அரங்கில் பேராசிரியர் எமில் ஸ்டைகர் கதேயைப் பற்றிப் பேசியதால் தம் கூட்டத்துக்கு ஆள் சேராமல் போனதை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார்; மறுநாள் சூரிச்சுக்குத் தம் காரில் அழைத்துப் போகும் ஓய்வுபெற்ற போலீஸ் தலைவர் அவருக்குச் சொல்வதாக முழு நாவலும் விரிகிறது.

இன்ஸ்பெக்டர் மத்தேயிக்கு மனைவி மக்கள் இல்லை. தீய பழக்கம் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான பூர்வ கதையும் இல்லை. நம்முடைய தொடர் எழுத்தாளர்கள் தேடித்தேடிக் கொடுக்கும் அந்தப் பழைய காயத்தை டூரென்மாட் அவருக்கு மருந்துக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஜோர்டானில் புதுப் பதவி காத்திருக்கிறது, விமானமேறும் நாளும் நெருங்கிவிட்டது. அந்த நிலையில் காட்டோரத்தில் கிரிட்லி என்ற சிறுமி கொலையுண்டு கிடக்க, பெற்றோருக்குச் செய்தி சொல்லப் போன இடத்தில், கொன்றவனைக் கண்டுபிடிப்பதாகச் சத்தியம் செய்யும்படி தாய் கேட்கிறாள். அந்த வீட்டை விட்டு எப்படியாவது வெளியேறினால் போதுமென்ற அவஸ்தையில், தம் ஆத்மாவின் மீது ஆணையிட்டு அவர் வாக்குக் கொடுத்துவிடுகிறார். வெளியேறுவதற்காகச் சொன்ன அந்தச் சொல்லிலிருந்து பிறகு ஒருநாளும் அவரால் வெளியேற முடியவில்லை.

பிணத்தை முதலில் கண்டு, மத்தேயியை நம்பி டெலிபோனில் சொல்லியனுப்பிய கூடைவியாபாரி ஃபான் குன்டன் மீதே சந்தேகம் விழுகிறது. வழக்கை ஏற்றுக்கொண்ட சகா இருபது மணி நேரத்துக்கும் மேலாக விசாரித்த பிறகு அவன் ஒப்புக்கொள்கிறான். பின்பு காவலறையில் தூக்கிட்டுச் செத்துப்போகிறான். எல்லாரும் வழக்கு முடிந்ததென்று நிம்மதியடைகிறார்கள். விமான நிலையம் வரை போன மத்தேயி, அங்கே குழந்தைகள் கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடுகிறார். உத்தியோகம் இல்லை, மலைப்பாதையில் ஒரு பெட்ரோல் பங்கைக் குத்தகைக்கு எடுக்கிறார், கொலைகாரன் கார் அவ்வழியே போகும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. கிரிட்லியின் சாயலுள்ள அன்னமேரி என்ற சிறுமியையும் அவள் தாயையும் கூட்டி வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்; தாய்க்கும் மகளுக்கும் காரணம் தெரியாது. தூண்டிலில் புழு கோக்கிறவன் புழுவிடம் காரணம் சொல்வதில்லை.

குழந்தைக்கு யாரோ முள்ளெலி போன்ற சாக்கலேட் கொடுத்திருப்பது தெரிகிறது. போலீஸார் காட்டைச் சூழ்ந்து பதுங்கிக்கொள்ள, திறந்த வெளியில் சிவப்புப் பாவாடையுடன் பாடிக்கொண்டே அவள் நாட்கணக்கில் காத்திருக்கிறாள். யாரும் வரவில்லை. கடைசியில் பொறுமையிழந்த பெரிய மனிதர்கள் மறைவிலிருந்து ஓடிவந்து அந்தக் குழந்தையை அடிக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகும் மெய்யான பலி மத்தேயிதான் என்று ஒருவரால் எழுத முடிகிறதென்றால், அவருடைய ரஸனையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கொலைகாரன் வராமல்போன காரணம் பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் மூதாட்டியின் வாயிலிருந்து வெளிப்படுகிறது: அன்று அங்கே வரும் வழியில் அவன் கார் விபத்தில் செத்துப்போயிருந்தான். மத்தேயியின் தர்க்கம் அணுப்பிசகாமல் சரி. அந்தச் சரிக்காக வியாபாரியும் சிறுமியும் கொடுத்த விலையைப் போலீஸ் தலைவரின் கதையில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டும் வேலையை டூரென்மாட் வாசகருக்கு விட்டிருக்கிறார்.

அதே 1958 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே எல் மான்ட்டியில் ஜேம்ஸ் எல்ராய் என்ற பத்து வயதுப் பையனின் தாய் கொலையுண்டாள். அதுவும் தீராத வழக்கு. அந்தப் பையன் வளர்ந்து, 1947ல் கொலையுண்ட எலிசபெத் ஷார்ட்டின் வழக்கை வைத்து ‘தி பிளாக் டாலியா’ எழுதினான். 1987ல் வந்த அந்த நாவலின் பிரமாதமான வேகத்தை ஒப்புக்கொள்கிறேன்; நிஜத்தில் தீராததை அதில் அவர் தீர்த்துவைத்ததை ஒப்புக்கொள்ளவில்லை. 1996ல், ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவரோடு தாயின் பழைய கட்டை மீண்டும் பிரித்து அலைந்ததை எழுதிய நூலில் கொலைகாரன் கிடைக்கவில்லை. கொலைகாரனுக்குப் பதில் தாய் கிடைக்கிறாள்: எங்கே பிறந்தாள், எதற்கு ஊரை விட்டாள், எதை ஒளித்தாள். எல்ராயின் காயம் நிஜமானது; அதைப் பார்த்துப் பிரதியெடுத்தவர்கள் காயத்தை எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிட்டார்கள்.

இதில் நாமொன்றும் சளைத்தவர்களல்லர். 1944ல் சென்னையில் குத்துண்டு செத்த ‘இந்துநேசன்’ பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் வழக்கில் பாகவதரும் கலைவாணரும் தண்டனை பெற்று 1947ல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது நிரூபணமாகவே இல்லை. எண்பது வருஷமாகப் பாகவதரின் வீழ்ச்சியை நினைத்து உருகுகிறோம். செத்தவர் மஞ்சள் பத்திரிகைக்காரர் என்பதோடு அவர் கணக்கை முடித்துவிட்டோம்.

தென் கொரியாவின் பாங் ஜூன்-ஹோ 2003ல் எடுத்த ‘கொலையின் நினைவுகள்’ டூரென்மாட்டின் நேர் வாரிசு. 1986 முதல் 1991 வரை ஹ்வாசாங் பகுதியில் பத்துப் பெண்கள் கொலையுண்ட நிஜ வழக்கு அது. படத்தில் போலீஸாரின் உதையில் வாக்குமூலம் ஒப்பித்த புத்தி மந்தமான இளைஞன் கடைசியில் ரயிலில் அடிபட்டுச் சாகிறான். வெகு காலம் கழித்து, வேலையை விட்டு வியாபாரியாகிவிட்ட துப்பறிவாளர், முதற்பிணம் கிடந்த வயல் வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார். இன்னொருவரும் முன்பு வந்து இப்படித்தான் பார்த்தார் என்கிறாள் வழியில் வரும் ஒரு சிறுமி. முகம் எப்படி? சாதாரண முகம். 2019ல் மரபணுச் சோதனையால் கொலைகாரன் தெரியவந்தபோது, அவன் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் சிறையில் இருந்தான். காலவரம்பு கடந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்குத் தண்டனையில்லை. அந்தப் பத்தில் எட்டாவது கொலைக்காக ஏறத்தாழ இருபது வருஷம் சிறையிருந்த மற்றொருவர் 2020ல் நிரபராதி என்று தீர்ப்பானார். ஃபான் குன்டன் கற்பனையல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனிமேல் எழுதுகிறவர்கள் போகவேண்டிய திசையை நம்மில் அதிகம் பேர் படிக்காத ஆங்கிலேயர் டெரெக் ரேமண்ட் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1984ல் தொடங்கிய அவர் நாவல் வரிசையில் துப்பறியும் சார்ஜெண்டுக்குப் பெயரே கிடையாது. பதவி உயர்வும் வேண்டாமென்கிறார். யாரும் சீண்டாத சாவுகளே அவருக்கு வரும். முதல் நாவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு குடிகாரன் பேசிப் பதிந்து வைத்த காஸெட்டுகளை அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பெயரிருப்பது செத்தவனுக்கு, குரலும் அவனுக்கே.

‘வாக்குறுதி’யைச் சென்ற மாதம் திரும்பப் படித்தேன். கதை தொடங்குமுன் எழுத்தாளரும் போலீஸ் தலைவரும் அந்தப் பெட்ரோல் பங்கில் இறங்குகிறார்கள். வெளியே கல்பெஞ்சில் சவரம் செய்யாத கிழவர் சாராய நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை அவரை மட்டுமே பார்த்தேன். உள்ளே, மெலிந்துபோன ஒருத்தி அவர்களுக்குப் பரிமாறுகிறாள். முப்பது வயதிருக்கும் என்று எழுத்தாளர் நினைக்கிறார். பதினாறு என்று முணுமுணுக்கிறார் போலீஸ் தலைவர்.