மண்டையோட்டுக்கு மேலே, கீழே: ஒரு தமனி, இரண்டு கணக்கு

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 வரை இருந்த பழைய முறையில், தலை, கழுத்து, கை, கால் என எந்த இரத்தக்குழாய் அடிபட்டாலும் அதன் பின்விளைவுக்கு ஒரே எண்தான்: 908.3. மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பேச்சு போனவரும், கையில் குழாய் அறுபட்டு விரல் மரத்துப்போனவரும் ஒரே பெட்டியில். இப்போதுள்ள ஐசிடி-10-சிஎம் அதைவிட எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கரோட்டிட் தமனி விஷயத்தில் அது பிடிக்கும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை.

உட்புறக் கரோட்டிட் கழுத்திலிருந்து ஏறி மண்டையோட்டுக்குள் நுழையும் ஒரே குழாய். கழுத்துப் பகுதியில் கிழிந்தால் எஸ்15.0. அங்கே கேள்வி, கிழிசல் சிறியதா பெரியதா என்பது. உள்ளே போனபின் கிழிந்தால், வலது பக்கம் எஸ்06.81, இடது பக்கம் எஸ்06.82. இங்கே கேள்வியே மாறிவிடுகிறது: எவ்வளவு நேரம் நினைவிழந்தார்? 30 நிமிடத்துக்குள்ளா, ஒரு மணிக்கு மேலா, 24 மணியைத் தாண்டியதா? மூளை அதிர்ச்சிக்கு இது நியாயமான கேள்வி. தமனிக்கு? உள்சுவர் கிழிந்து, அதில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போவது பல நேரம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் கழித்துத்தான். அடிபட்ட அன்று தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் வாய் குழறி வந்து நிற்பார். அவருக்கு ஆறாவது இடத்தில் 0, நினைவிழப்பு இல்லை. பார்த்தால் லேசான காயம் மாதிரி இருக்கும்!

பின்விளைவு என்று வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நோயால் வந்த பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போனால் ஐ69.320, ஒரே குறியீட்டில் காரணமும் விளைவும் ஒட்டியிருக்கும். காயத்தால் வந்தால் இரண்டு வேண்டும்: முதலில் ஆர்47.01, அதன்பின் ஏழாவது இடத்தில் 'எஸ்' போட்ட காயக் குறியீடு. இரண்டாவதை விட்டுவிட்டால் விபத்தே நடக்காத மாதிரி ஆயிடும். இழப்பீடோ ஊனமுற்றோர் உதவியோ கேட்கிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஐ69-இன் விலக்குக் குறிப்பைப் பாருங்க. மண்டையோட்டுக்குள் பட்ட காயத்தின் பின்விளைவு இங்கே வராது என்று எஸ்06-ஐ மட்டும் சொல்கிறது. எஸ்15 பற்றிப் பேச்சே இல்லை. ஆக, சில சென்டிமீட்டர் கீழே கிழிந்தவரை ஐ69-இல் எழுத வழி இருக்கிறது, மேலே கிழிந்தவரை எழுதக் கூடாது. இருவரும் இழந்தது அதே பேச்சுதான்.

சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிஃப்டில் அமெரிக்கக் கோப்புகளுக்குக் கோடிங் போடுகிறவர்கள் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. டாக்டர் எழுதிய குறிப்பில் 'பழைய பக்கவாதம்' என்று மட்டும் இருந்தால், கை தானாக ஐ69-க்குத்தான் போகும். பின்விளைவுக் குறியீட்டுக்குக் காலக்கெடு கிடையாது என்பது விதி. பத்து வருடம் கழித்தும் போடலாம். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய விபத்தை அந்தக் குறிப்பில் யாராவது எழுதியிருக்க வேண்டுமே. எஸ்15-ஐயும் அந்த விலக்கில் சேர்ப்பது ஒரு வரி வேலை. காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் ஒட்டுக் குறியீடு ஒன்று கொடுத்தால் இன்னும் நல்லது.