சம்பளக்கார பேட்மேன்

பி.காம் படிக்கும்போது எனக்குப் பிடிபடாமல் போன ஒரே சமாச்சாரம் 'குட்வில்'. ஒருத்தர் கடையை விற்கிறார். மேசை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டாச்சு. அதற்கு மேல் ஒரு தொகை கேட்கிறார். எதற்கு? ''ஜனங்க நம்பி வர்றாங்கல்ல, அதுக்கு'' என்றார் அக்கவுன்டன்ஸி வாத்தியார். கண்ணுக்குத் தெரியாத வஸ்துவுக்குக் காசா என்று அன்றைக்கு மண்டையைச் சொறிந்தேன். பிற்பாடு அதை எனக்குப் புரியவைத்தவை அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ்கள்.

சிரிக்காதீர்கள். நாற்பது தாண்டியும் இந்த ஆளுக்கு இது தேவையா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. வீட்டிலும் அதையேதான் நினைக்கிறார்கள். இரும்புக்கை மாயாவியில் தொற்றிய வியாதி, மருந்தில்லை. முன்பு பழைய புத்தகக் கடையில் தேடினேன், இப்போது டேப்லட்டில் படிக்கிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம்.

சமீபத்தில் என் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். ''அப்பா, இவங்கதான் செத்தாலும் திரும்பி வந்துடுவாங்களே. அப்புறம் எதுக்குப் பயந்துகிட்டே படிக்கிறே?''

நல்ல கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல, முதலில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வரவேண்டும்.

1992 நவம்பர். 'சூப்பர்மேன்' 75-வது இதழ். கறுப்பு பிளாஸ்டிக் உறை. மேலே ரத்தம் சொட்டும் 'எஸ்' எழுத்து. உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. கதையும் பென்சிலும் டான் ஜர்கன்ஸ். பக்கத்துக்கு ஒரே படம். டூம்ஸ்டே என்ற ராட்சஸனோடு அடித்துக்கொண்டு, கடைசியில் லோயிஸ் கையில் சாய்ந்து சூப்பர்மேன் உயிரை விடுகிறார்.

இதன் பின்கதை இன்னும் சுவாரஸ்யம். உண்மையில் அந்தச் சமயம் அவருக்கும் லோயிஸுக்கும் கல்யாணம் செய்துவைக்கத்தான் ஏற்பாடு. நடுவில் ஒரு டி.வி. சீரியல் வந்தது. இதிலும் அதிலும் கல்யாணம் சேர்ந்து வரட்டும் என்று தேதியைத் தள்ளிப்போட்டார்கள். பக்கங்கள் காலி. என்ன செய்வது? மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள்! (முகூர்த்தம் கடைசியில் 1996-ல்தான் கூடிவந்தது.)

அமெரிக்கா முழுக்க வரிசையில் நின்று வாங்கினார்கள். பிரதிகள் லட்சலட்சமாகப் போயின. வாங்கியவர்களில் பலர் உறையைப் பிரிக்கவே இல்லை. ஒன்று படிக்க, நாலு பீரோவில் வைக்க. பிற்காலத்தில் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமாம். 1938-ல் 10 சென்ட்டுக்கு விற்ற முதல் சூப்பர்மேன் இதழ் ஏலத்தில் பணம் கொட்டுகிறதே என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு என்னவோ வாஸ்தவம்தான். 2024-ல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது. ஆனால், 1938 இதழை ஜனங்கள் படித்தார்கள், கிழித்தார்கள், பழைய பேப்பரில் போட்டார்கள். மிச்சம் இல்லை, அதனால் விலை. எல்லோர் பீரோவிலும் புத்தம் புதுசாக இருக்கிற ஒரு சாமானை யார் சார் விலை கொடுத்து வாங்குவார்கள்? பி.காம் முதல் வருஷப் பாடம்.

அடுத்த வருஷமே சூப்பர்மேன் திரும்பி வந்துவிட்டார். அங்கே காமிக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வாங்கிய இதழ் விற்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியாது. அளவுக்கு மேல் ஆர்டர் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சில வருஷங்களில் ஏகப்பட்ட கடைகள் மூடப்பட்டன. 1991-ல் 'எக்ஸ்-மென்' முதல் இதழை ஐந்து அட்டைகளில் போட்டு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் தள்ளிய மார்வெல், 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. சூப்பர்மேன் சாவு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால், எல்லாக் காரணங்களும் ஒரே ஜாதி. வாசகனை வாசகனாகப் பார்க்காமல், பங்குச்சந்தைக்காரனாகப் பார்த்த ஜாதி.

பாடம் கற்றார்களா? எங்கே! 2007-ல் கேப்டன் அமெரிக்காவைச் சுட்டார்கள்; இரண்டு வருஷத்தில் அவரைத் திருப்பிக் கூட்டிவரும் கதை ஆரம்பம். 2011 ஜனவரியில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஜானியைக் கொன்றார்கள் (மறுபடியும் கறுப்பு உறை!), அதே வருஷம் நவம்பரில் ஆள் ஆஜர். 2023 மே மாசம் மிஸ் மார்வெல் கமலா கான் செத்தாள், ஜூலையில் எழுந்துவிட்டாள். முதல் வருஷ திவசம்வரைகூட யாரும் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றும் வாசகன் கையில் கொடுத்த செக். ஒவ்வொன்றும் பணமில்லை என்று திரும்பி வந்தது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இது ஏறாது. கரைந்தது குட்வில்.

இவர்களைக் கொல்ல முடியாததற்குக் காரணம் கதையில் இல்லை, கம்பெனியில் இருக்கிறது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் வெறும் 130 டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு சொத்து. சினிமா, பொம்மை, டி-ஷர்ட் என்று வாடகை வந்துகொண்டிருக்கிற கட்டடத்தை எவனாவது இடிப்பானா? எனவே, ஹீரோ சாகக் கூடாது. முடிந்தால் வயசும் ஆகக் கூடாது.

வயசுக்கு ஓர் உதாரணம். ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987-ல் கல்யாணம் ஆயிற்று. இருபது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். கல்யாணமானவன் என்றால் வயசானவனாகத் தெரிகிறான் என்பது அப்போதைய தலைமை எடிட்டர் ஜோ க்யூசாடாவின் கட்சி. 2007 கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? சாகக் கிடக்கும் பெரியம்மாவைப் பிழைக்கவைக்க, மெஃபிஸ்டோ என்கிற சாத்தானிடம் ஸ்பைடர்மேன் தன் கல்யாணத்தைக் கொடுத்துவிடுகிறான். விவாகரத்துகூட இல்லை, கல்யாணமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது! இருபது வருஷ லெட்ஜர் என்ட்ரியை ஒயிட்னர் போட்டு அழித்த மாதிரி. எந்த ஆபீஸிலாவது இப்படிச் செய்தால் ஆடிட்டர் விடுவாரா? எனக்கு அன்றைக்கு விட்டுப்போச்சு. சில வருஷம் காமிக்ஸ் பக்கமே தலைவைக்கவில்லை.

திரும்ப இழுத்துவந்தவை இரண்டு தொடர்கள்.

முதலாவது, 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. எழுத்து ஜோனதன் ஹிக்மேன் (ஜானியைக் கறுப்பு உறையில் அனுப்பிவைத்தவர் இவரேதான், பிராயச்சித்தம் போலிருக்கிறது). ஓவியம் மார்கோ கெக்கெட்டோ. இது மெயின் கதை இல்லை, வேறோர் உலகம். கம்பெனி பாஷையில், தலைமை ஆபீஸ் பாட்டுக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும், இது தனிக் கிளை.

இந்த உலகத்தில் பீட்டர் பார்க்கரைச் சின்ன வயசில் சிலந்தி கடிக்கவில்லை. ஒரு வில்லன் தடுத்துவிட்டான். பீட்டருக்கு முப்பத்தைந்து வயசு வாக்கில் தாடி, மனைவி மேரி ஜேன், இரண்டு குழந்தைகள், பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் எல்லாம் இருக்கிறது. ஏதோ ஒன்று குறைகிறது என்பது மட்டும் தெரிகிறது, எதுவென்று தெரியவில்லை. ஒரு நாள், 'உனக்கு வரவேண்டியது இது, யாரோ பறித்துவிட்டார்கள்' என்ற செய்தியோடு சிலந்தி வந்து சேருகிறது. முழுசாக யோசித்து, தானே அதைக் கடிக்க விடுகிறான்.

வித்தியாசம் புரிகிறதா? பதினைந்து வயசில் சிலந்தி கடித்தால் அது விபத்து. முப்பத்தைந்தில், பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கும்போது என்றால் அது முடிவு. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தது கல்யாணத்துக்கு முன்பு. அதைப் பெரிய வீரமாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டு லோனும் ஸ்கூல் ஃபீஸும் வந்த பிறகு என்றால் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா? நேர்மையான பதில் எனக்குப் பிடிக்காததாக இருக்கும் என்பதால், மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஹிக்மேன் சண்டையை நம்பவில்லை, பேச்சை நம்புகிறார். நாலாவது இதழில் பெரும்பகுதி ஒரு ஓட்டல் மேஜை. இரண்டு ஜோடிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். ஸ்பைடர்மேன் காமிக்ஸில் இதைப் போடத் தைரியம் வேண்டும்.

இரண்டாவது, 2024 அக்டோபரில் டி.சி. ஆரம்பித்த 'அப்ஸொல்யூட் பேட்மேன்'. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், படம் நிக் டிரகோட்டா. பேட்மேன் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மாளிகை, பாதாளக் குகை, ராக்கெட் கார், பட்லர் ஆல்ஃபிரட். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். கோடீஸ்வரர் ஒருத்தர் ராத்திரியில் மாறுவேஷத்தில் வந்து, பர்ஸ் அடிக்கிறவனை உதைக்கிறார். மூலதனம் இருக்கிறவனுக்கு வீரம் சுலபம்.

ஸ்னைடர் அந்த மூலதனத்தை மொத்தமாகக் கைப்பற்றிவிட்டார். இங்கே ப்ரூஸ் வேய்னுக்கு வயசு 24. நகரத்துக்கு வேலை பார்க்கிற சாதாரண இன்ஜினீயர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கிச்சூட்டில் இறந்துபோனார். அம்மா உயிரோடு இருக்கிறாள். ஆல்ஃபிரட் பட்லர் இல்லை, இவனை வேவு பார்க்க வந்த பிரிட்டிஷ் உளவாளி. பணம், ஆள்பலம் எல்லாம் ஜோக்கரிடம். அந்த ஜோக்கரும் சிரிப்பதில்லை. பணம் இருக்கிறவன் எதற்குச் சிரிக்கணும்?

மாளிகைக்குப் பதில் ஸ்னைடர் ப்ரூஸுக்குக் கொடுத்திருப்பது சிநேகிதர்கள். வேலன், ஆஸ்வால்ட், எட்வர்ட், ஹார்வி, ஸெலினா. பழைய கதைகளில் இவர்கள் முதலை மனிதன், பெங்குவின், ரிட்லர் என்று பேட்மேனிடம் உதை வாங்குகிற கூட்டம். இங்கே ஒன்றாக வளர்ந்த பையன்கள், பெண். நமக்கு இவர்கள் கடைசியில் என்ன ஆவார்கள் என்று தெரியும். ப்ரூஸுக்குத் தெரியாது. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2025-ல் பேன் என்கிற வில்லன் (தலையில் ஊர்வது இல்லை, இது மலை மாதிரி ஆள்) வந்தபோது, ப்ரூஸின் முதுகெலும்பைவிட அந்த நண்பர்களைத்தான் குறிவைத்தான். வேலனுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஆஹா ஓஹோ என்றே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குறைகளும் உண்டு. டிரகோட்டாவின் பேட்மேன் கதவு வழியாக எப்படி நுழைவான் என்றே தெரியவில்லை, அவ்வளவு அகலம். பேன் அத்தியாயத்தில் ரணகளம் ஒரு கட்டத்துக்கு மேல் மரத்துப்போகிறது. பாதியில் நிறுத்தியிருந்தால் இரட்டிப்பாக வலித்திருக்கும். ஹிக்மேன் பக்கம் வேறு தொந்தரவு. அவர் கதையில் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு மாசம் நகர்கிறது. ஐடியா அருமை. ஆனால், முக்கியமான சில விஷயங்கள் இரண்டு இதழ்களுக்கு நடுவில் நடந்து முடிந்துவிடுகின்றன. விருந்துக்குப் போனால், பாயசம் நேற்றே பரிமாறியாச்சு என்கிறார்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 'அப்ஸொல்யூட் பேட்மேன்' பிய்த்துக்கொண்டு போனதும், மறுபதிப்பு மேல் மறுபதிப்பு, ஒரே கதைக்கு விதவிதமாக அட்டைகள். ஐந்து டாலர் இதழைப் பிரிக்காமல் வைத்து விற்கிறார்கள். அந்த ஊர்க் கடைகளுக்குப் பல வருஷம் சரக்கு அனுப்பிய டயமண்ட் கம்பெனியே 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது. 1992-ன் வாசனை லேசாக அடிக்கிறது. அதனால் ஒரு வார்த்தை: வாங்கினால் பிரித்துப் படியுங்கள். முதலீடு செய்ய ஆசையாக இருந்தால் போஸ்ட் ஆபீஸ் பக்கத்தில்தான் இருக்கிறது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். இந்த இரண்டு தொடர்களிலும் ஹீரோ செத்துவிடுவான் என்று நான் பயப்படவில்லை. செத்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சிநேகிதன் போய்விடுவானோ, மனைவி நம்பிக்கை இழந்துவிடுவாளோ, பிள்ளை வளரும்போது பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோமோ - பயம் இதற்குத்தான். இதெல்லாம் எந்த மெஃபிஸ்டோவிடம் எழுதிக்கொடுத்தாலும் திரும்பி வராது என்று நாற்பது தாண்டியவனுக்குத் தெரியும்.

இதை அவளிடம் இப்படியே சொன்னால் எழுந்து ஓடிவிடுவாள். அதனால் பேசாமல் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' ஆரம்ப இதழ்களைக் கையில் கொடுத்தேன். அதில் பீட்டரின் ரகசியம் முதலில் தெரிவது அவனுடைய சின்னப் பெண்ணுக்கு. கறுப்பு டிரெஸ் பயமாக இருக்கிறது என்று சொல்லி நிறத்தை மாற்றவைப்பதும் அவள்தான்.

படித்து முடித்துவிட்டு வந்து நின்றாள். இவன் சாவானா, பிழைப்பானா என்று கேட்கவில்லை.

''அப்பா, அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?'' என்றாள். முகத்தில் நிஜமான கவலை.

''அடுத்த இதழைப் படி'' என்றேன். வாத்தியார் சொன்ன குட்வில் அதுதான்.