கைக்கு விடை சொல்லும் வெளிச்சம்

வெசாக் இரவில் கண்டி வாவிக் கரையைச் சுற்றி நடந்துவிட்டு, நகரில் எங்காவது ஒரு பந்தலின் முன் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது என் நெடுநாள் பழக்கம். ஜாதகக் கதையை வரைந்த பலகைகள், அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக மின்குமிழ்கள். வெளிச்சம் நடுவிலிருந்து பூவாக விரியும். விளிம்பைத் தொட்டதும் சுருண்டு உள்ளே திரும்பும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பந்தலின் பின்பக்கம் போகக் கால் பரபரக்கும்.

பழைய பந்தல்களின் உயிர் அங்கேதான் இருந்தது. ஒரு மர உருளை, அதைச் சுழற்ற ஒரு மோட்டார். உருளையின்மேல் செப்புத் தகடுகளை வெட்டிப் பதித்திருப்பார்கள். வரிசையாக நிற்கும் உலோக நாக்குகளில் எது தகட்டைத் தொடுகிறதோ அதற்குரிய குமிழ்கள் எரியும். மரம் வந்தால் அணையும். தகட்டைச் சற்று நீட்டி வெட்டினால் முன்னால் பூ இன்னும் கொஞ்ச நேரம் மலர்ந்து நிற்கும். நேரத்தையே கத்தரித்து ஒட்டிய வேலை அது. கணினி நிரல் என்ற சொல் காதில் விழாதவர்களும் செம்பிலே நிரல் எழுதினார்கள். இன்று அந்த உருளையின் வேலையை விரலளவு சில்லு ஒன்று செய்துவிடுகிறது.

ஆனாலும் பந்தலிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது பேசும், கேட்காது. முன்னால் பத்துப் பேர் நின்றாலும் பத்தாயிரம் பேர் நின்றாலும் அதே பூ, அதே சுழற்சி. பார்ப்பவரின் அசைவைக் கவனித்து அதற்கேற்ப மாறும் கலை வேறொன்று. அதை ஊடாட்டக் கலை என்கிறோம்.

அந்தக் கலையின் தொடக்கக் கதைகளில் எனக்குப் பிடித்தது கணினிக் கலைஞர் மைரன் குரூகருடையது. 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஒரு காட்சிக்கூடத்தில் அவரும் தொலைவிலிருந்த கணினி நிலையத்தில் அவருடைய சகாவும் ஒரு கோளாறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் கைகளின் பிம்பமும் ஒரே திரையில் விழுந்தது. குரூகரின் கைப் பிம்பம் மற்றவருடைய கைப் பிம்பத்தின்மேல் பட்டதும், அங்கே இருந்தவர் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். தொட்டது வெறும் ஒளி. கூசியது மெய்யான கை. பிற்காலத்தில் குரூகர் ‘வீடியோபிளேஸ்’ என்ற படைப்பாக வளர்த்தெடுத்தது இந்தக் கூச்சத்தைத்தான்.

இந்தக் கலையைப் புத்தகம் வைத்துக் கற்பிக்க முடியாது என்பதை என் வீட்டு விறாந்தையில் கண்டேன். அக்காவின் மகள் ஏ.எல். படிக்கிறாள். வெசாக்குக்கு வாசலில் தொங்கவிட எட்டுமூலை அட்டபட்டம் கூடு ஒன்றை மூங்கிலில் கட்டினாள். யாராவது கிட்ட வந்து கை நீட்டினால் கூடு பிரகாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆர்டுயினோ எனும் சிறு கணினிப் பலகை ஒன்று, வெளிச்சம் கூடக் குறையத் தடை மாறும் எல்.டி.ஆர். ஒன்று, சில எல்.ஈ.டி.கள், கொஞ்சம் வயர். பந்தலில் 230 வோல்ட் ஓடுகிறது. தவறினால் உயிர் போகும். இங்கே வெறும் 5 வோல்ட். பிள்ளைகள் துணிந்து பிழைவிடலாம் என்பதே இந்தப் பலகையின் முதல் அழகு.

எல்.டி.ஆரின்மேல் விழும் ஒளியை ஆர்டுயினோ 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாக வாசிக்கும். கையை நீட்டினால் எண் இறங்கும். அவ்வளவுதானே என்று எழுதி முடித்தாள். கூடோ காய்ச்சல் கண்ட பிள்ளைபோல் நடுங்கியது. உணரியின் எண்கள் ஒருபோதும் சும்மா நிற்பதில்லை; 612, 598, 620 என்று துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளலை அடக்க, கடைசி 50 வாசிப்புகளின் சராசரியை எடுக்கச் சொன்னேன். நடுக்கம் நின்றது. அவள் கையை நீட்டினாள், பார்த்தாள், முகம் சுளித்தாள்.

“மாமா, இது நித்திரையால எழும்பின மாதிரி இருக்கு.”

அவள் சொன்னது சரி. 10 மில்லி வினாடிக்கு ஒரு வாசிப்பென்றால் 50 வாசிப்புக்கு அரை வினாடி. கூடு முழுதாகப் பிரகாசிக்கும்போது கை திரும்பிப் போயிருக்கும். 0.1 வினாடிக்குள் வரும் பதிலைத்தான் மனிதர் உடனடிப் பதிலாக உணர்கிறார்கள் என்பது 1968 முதலே கணினித் துறையில் சொல்லப்படும் கணக்கு. வாசிப்பை 5ஆகக் குறைத்தால் மறுபடி இலேசான நடுக்கம். 8, 12, 10 என்று மாற்றி மாற்றி, கையை நீட்டி நீட்டி, மாலை முழுவதும் போனது. சரியான எண்ணை எனக்கும் தெரியாது. அவளுடைய கூட்டுக்கு, அவளுடைய வாசலுக்கு, அவளுடைய கைக்கு மட்டும் உரிய எண் அது. அவள் கைதான் அதைக் கண்டுபிடித்தது.

இந்தப் பலகையே கற்பிக்கப் பிறந்ததுதான். வட இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக 2005இல் உருவானது ஆர்டுயினோ. அதற்கு முன்னோடி, கொலம்பியாவிலிருந்து வந்து அங்கே படித்த எர்னாந்தோ பர்ரகான் தன் பட்டத்துக்காகச் செய்த ‘வயரிங்’. அதற்கும் முன்னால், 2001இல் கேசி ரீசும் பென் ஃபிரையும் ஓவிய மனம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய ‘ப்ராசஸிங்’ நிரல்மொழி. இந்தக் குடும்பத்தில் எழுதும் நிரலுக்கு ‘ஸ்கெட்ச்’ என்று பெயர். கோட்டுச் சித்திரம்! கீறலாம், அழிக்கலாம், திரும்பக் கீறலாம் என்ற சுதந்திரம் பெயரிலேயே இருக்கிறது.

செய்து செய்து பழகும் இந்தப் படிப்புமுறை கண்டிக்குப் புதிதல்ல. கண்டி நடனம் பயிலும் பிள்ளை எடுத்த எடுப்பில் ஆடுவதில்லை. ‘பா சரம்ப’ எனும் 12 காலடிப் பயிற்சிகளைக் கால் நோக நோகச் செய்ய வேண்டும். வெஸ் தலையணி நெற்றியில் ஏறுவது அதற்குப் பல வருடம் கழித்து. பெரஹெர ஊர்வலத்தில் கெட்டபெர மேளம் வாசிப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். அது ஆடுபவரின் காலில் இருக்கும். கால் விழுவதும் கை விழுவதும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே நடக்கும். ஊடாட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஆனந்த குமாரசுவாமியும் இதைத்தான் கண்டார். கனிமவியல் ஆய்வாளராக இலங்கையில் வேலை பார்த்த அந்தத் தமிழர், கண்டி நாட்டுக் கைவினைகளைத் தேடிச் சென்று 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த ‘இந்தியக் கைவினைஞன்’ நூலில், கைவினைஞனின் மகன் பட்டறையிலேயே, மெய்யான பொருளோடும் மெய்யான சிக்கலோடும் மல்லுக்கட்டிக் கற்கிறான், அந்த வாய்ப்பு பறிபோனால் எந்தத் தொழிற்கல்வியும் அதை ஈடுசெய்யாது என்று வாதிட்டார். கூட்டின் நடுக்கம் ஒரு மெய்யான சிக்கல். கரும்பலகையில் எழுதிய கணக்கு யாரையும் முகம் சுளிக்க வைக்காது.

இத்தகைய படைப்புகளைப் பார்க்கும்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. எத்தனை குமிழ், எத்தனை உணரி என்று எண்ணுவதில்லை. பார்ப்பவரைப் பார்ப்பேன். முதல் தடவை கை அசைவது தற்செயல். தனக்குத்தான் விடை கிடைத்ததா என்று சோதிக்க அதே கை இரண்டாம் தடவை அசைகிறதா? அசைந்தால் படைப்பு வென்றது. வெறுமனே படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால், அது இன்னொரு பந்தல்.

வெசாக் அன்று இரவு கூடு வாசலில் தொங்கியது. மருமகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பந்தல் பார்க்கப் போன ஒரு குடும்பம் கடந்து சென்றது. கடைசியாக ஒரு முதியவர், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி. மங்கிக் கிடந்த கூட்டை நோக்கிப் பிள்ளை கை நீட்டியது, கூடு மலர்ந்தது. பிள்ளை கையை எடுத்தது. கூடு மெல்ல அடங்கியது. இருவரும் நடந்தார்கள். நாலடி போனதும் முதியவர் நின்றார், தெருவின் இரு பக்கமும் பார்த்தார், திரும்பி வந்து தன் கையை நீட்டினார்.