யார் கேட்ட பதிப்பு?

ஹடூப் 3.2.1-ஐயும் அதன்மேல் இயங்கும் ஹைவ் 3.1.2-ஐயும் ஒரே கணினியில் நிறுவிப் பார்த்தவர்களுக்கு ஒரு பிழைச்செய்தி மனப்பாடம் ஆகியிருக்கும். ஹைவைத் தொடங்கியதுமே 'நோ சச் மெத்தட் எரர்' என்று சொல்லி நிரல் விழுந்துவிடும். காணவில்லை என்று அது புலம்புவது, கூகுளின் குவாவா நூலகத்தில் உள்ள செக்ஆர்க்யுமென்ட் என்ற சின்னஞ்சிறு மெத்தடை. குவாவா இரண்டு இடத்திலும் இருக்கத்தான் செய்கிறது: ஹடூப்பின் லிப் அடைவில் 27-ஆம் பதிப்பு, ஹைவின் லிப் அடைவில் 19-ஆம் பதிப்பு. ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். ஹைவில் இருக்கும் 19-ஐ அழித்துவிட்டு, ஹடூப்பில் இருக்கும் 27-ஐ நகலெடுத்து அங்கே வை. வைத்ததும் ஓடிவிடும். ஏன் ஓடியது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் சுவையான பதில் கிடைக்கும். ஹடூப்பின் கான்ஃபிகரேஷன் வகுப்பில் ஒரு வரி, கொடுத்த மதிப்பு காலியா என்று சோதித்து, காலியென்றால் எந்த அமைப்பு என்று பெயர் சொல்லித் திட்டும். அந்த வரியைக் குவாவா 19-ஐ வைத்து கம்பைல் செய்தால், எத்தனை மதிப்பு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் பொதுவான மெத்தடை அது கூப்பிடும். அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஓர் அணி உருவாகும். அந்தச் செலவை மிச்சப்படுத்த, 20-ஆம் பதிப்பில் ஒற்றை மதிப்புக்கென்று தனி வடிவத்தைச் சேர்த்தார்கள். நிரல் எழுதுபவர் எதையும் மாற்ற வேண்டாம்; 27-ஐ வைத்து கம்பைல் செய்தால் கம்பைலரே புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது 19 குறுக்கே வந்தால் அந்த வடிவம் அங்கே கிடையாது. மூல நிரல் இரண்டு பதிப்புக்கும் பொருந்துகிறது, கம்பைல் ஆன கோப்பு ஒன்றுக்குத்தான் பொருந்துகிறது. இதில் குவாவா எதையும் நீக்கவில்லை, சேர்க்க மட்டுமே செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜாவாவின் கிளாஸ்பாத்தில் பந்திக்கு முந்தியவனுக்குத்தான் சோறு. ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் இருந்தால் முதலில் கண்ணில் பட்டது ஏறும், மற்றது இருந்தும் இல்லாததுதான். ஆகவே யாராவது ஒருவர் ஒரு பதிப்பைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஹடூப், ஹைவ் விஷயத்தில் அதைத் தொடக்க ஸ்கிரிப்டுகள் செய்கின்றன. நாம் எழுதும் அன்றாடத் திட்டங்களில் அதைச் செய்வது பில்டு கருவி. நாம் பெயர் சொல்லிக் கேட்ட நூலகங்கள் பத்து என்றால், அவை கேட்டவை, அவற்றுக்குக் கீழே இருப்பவை கேட்டவை என்று நூற்றுக்கணக்கில் வந்து சேரும் மறைமுகச் சார்புகளுக்கும் அதுவே பதிப்பு நிர்ணயிக்கிறது. இந்த நிர்ணயம் எந்த நியாயத்தில் நடக்கிறது என்பதில் எனக்கு நெடுநாளாகவே மனக்குறை உண்டு.

முதலில் இந்தப் பில்டு கருவிகளின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2005 அக்டோபரில் மேவன் என்ற பில்டு கருவியின் 2.0 பதிப்பு வருவதற்கு முன்னால், ஒரு ஜாவா திட்டத்தின் லிப் அடைவில் ஜார் கோப்புகளைக் கையால் இறக்கிப் போடுவார்கள். எது எதற்காக வந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. சிலவற்றின் பெயரில் பதிப்பு எண்கூட இருக்காது. எதையாவது அழித்தால் எது உடையும் என்பது, அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போன அன்றே மர்மமாகிவிடும். ஒவ்வொரு நூலகமும் தன் தேவைகளைத் தானே பாம் கோப்பில் அறிவிக்கும், கருவி அந்தச் சங்கிலியைத் தொடர்ந்து போய் எல்லாவற்றையும் கொண்டுவரும் என்று மேவன் 2 செய்த ஏற்பாடு அந்த மர்மத்தை ஒழித்தது. இன்றைக்குத் திறந்த மூல ஜாவா உலகம் இத்தனை பெரிதாகியிருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பழைய லிப் அடைவே மேல் என்று ஏங்குகிறவர்கள் அந்த நாட்களை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மனக்குறை அந்தச் சங்கிலியின் முரண்பாடு தீர்க்கும் விதியில் இருக்கிறது. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் கேட்கப்பட்டால், சார்பு மரத்தில் நம் திட்டத்துக்கு அருகில் இருப்பது எதுவோ அதையே மேவன் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால், கோப்பில் முதலில் எழுதப்பட்டது வெல்லும். இரண்டாவது விதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். அகரவரிசையில் அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒருவர் பாம் கோப்பில் இரண்டு சார்புகளின் வரிசையை மாற்றினால், எங்கோ கீழே ஒரு நூலகத்தின் பதிப்பு மாறிவிடும். கம்பைல் பிழை வராது. சோதனைகள் தேறலாம். பிழை காட்டப்போவது உற்பத்தி சர்வரில், அதுவும் அந்த மெத்தடை யாராவது தொடும் அன்றைக்கு.

அருகில் இருப்பதே வெல்லும் என்ற முதல் விதிக்காவது ஒரு நியாயம் இருக்கிறது. நம் பாம் கோப்பில் நாமே எழுதும் பதிப்புக்கு மேல் வேறு எதுவும் போட்டியிட முடியாது. வீட்டுக்காரர் சொல்தான் கடைசிச் சொல். அந்த அதிகாரம் வேண்டியதுதான். ஆனால் விதி அதோடு நிற்கவில்லை. நாம் வாயே திறக்காத இடங்களிலும் அதுவே ஆட்சி செய்கிறது. இரண்டாம் நிலையில் இருப்பது 19 கேட்டு, மூன்றாம் நிலையில் இருப்பது 27 கேட்டால் 19 வருகிறது. 27 கேட்டவருக்கு 19 கொடுத்தால் ஓடும் என்று எவரும் உறுதி தரவில்லை. அதுவும் சத்தமில்லாமல் நடக்கிறது. சார்பு மரத்தை அச்சிடச் சொன்னாலும், விரிவாகக் காட்டு என்று தனியே கேட்டால்தான் எது எதற்காகக் கழிக்கப்பட்டது என்று தெரியும்.

இன்னொரு பில்டு கருவியான கிரேடில் எதிர்த் திசையில் போகிறது. கேட்கப்பட்டவற்றில் மிகப் புதியதை எடுக்கும். பெரும்பாலான நூலகங்கள் பழையதைக் காப்பாற்றிக்கொண்டே வளர்கின்றன என்ற அனுபவத்தில் இது மேவனைவிடப் பாதுகாப்பானது. குவாவா உதாரணத்தில் கிரேடிலாக இருந்திருந்தால் 27 வந்திருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஐந்தாம் நிலையில் கிடக்கும் ஏதோ ஒரு சோதனை ஓட்டத் துணைநூலகம் முதன்மைப் பதிப்பு எண்ணையே ஒன்று தாண்டிக் கேட்டால், மொத்தத் திட்டமும் அதன் பின்னால் போகும். மேவனில் அண்டை வீட்டார் தீர்மானிக்கிறார் என்றால், கிரேடிலில் அதிகம் கேட்டவர் தீர்மானிக்கிறார். நாம் இரண்டிலும் வேடிக்கை பார்ப்பவர்கள்தான்.

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் உலகத்தில் முரண்பாடே இருக்காது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரதியைக் கொடுத்துவிடலாம். 2015-இல் மூன்றாம் பதிப்பிலிருந்து முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பரப்பி வைத்தார்கள். அதன் பக்கவிளைவு, நாம் அறிவிக்காத தொகுப்பையும் நம் நிரல் இழுத்துப் பயன்படுத்த முடிவது. வேறொருவர் நிமித்தம் வந்த அந்தத் தொகுப்பு ஒருநாள் அவரோடு போய்விடும். அங்கே பெரிய வியாதி இன்னொன்று: பதிப்பைக் குறிப்பிட்டுக் கேட்காமல் வரம்பாகக் கேட்பது. வரம்பில் கேட்டால், எந்தப் பதிப்பு வரும் என்பதை நிறுவிய தேதி தீர்மானிக்கும். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான தொகுப்பின் பொறுப்பு புதிய ஒருவரிடம் கைமாறியது. அவர் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்று ஒரு சார்பைச் சேர்த்தார். கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல் அதற்குள் ஒளிந்திருந்தது. வரம்பில் கேட்டிருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து இறங்கியது.

இதற்கு மருந்தாக வந்ததுதான், தேர்ந்த பதிப்புகளை அப்படியே குறித்துவைக்கும் லாக் கோப்பு. 2016-இல் யார்ன் அதைப் பிரபலமாக்கியது, 2017-இல் என்பிஎம் 5 அதைத் தானும் ஏற்றுக்கொண்டது. நேற்று எனக்கு வந்ததே இன்று உனக்கும் வரும் என்ற அளவில் அது மிகப் பெரிய உதவி. ஆனால் லாக் கோப்பு பதிவேடு மட்டுமே. நேற்று கருவி கண்மூடித்தனமாகத் தேர்ந்திருந்தால், அதே தேர்வை மாறாமல் காப்பாற்றித் தரும். பல ஆயிரம் வரி கொண்ட அந்தக் கோப்பின் மாற்றங்களைக் கோட் ரிவ்யூவில் யாரும் படிப்பதில்லை. மடித்துவைத்துவிட்டு ஒப்புதல் தருவதே நடைமுறை.

இந்தக் கூட்டத்தில் என் மனத்துக்கு உகந்தது கோ மொழியின் வழி. 2018-இல் கோ குழுவின் ரஸ் காக்ஸ் முன்வைக்க, அதே ஆண்டு கோ 1.11-இல் சோதனை வடிவில் வந்தது. வரம்பு கிடையாது. ஒவ்வொரு தொகுப்பும் 'எனக்குக் குறைந்தது இந்தப் பதிப்பு' என்று மட்டும் சொல்லும். கருவி அந்தக் குறைந்தபட்சங்களில் பெரியதை எடுக்கும், அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாது. நேற்று இரவு வெளியான புதிய பதிப்பு யாரும் கேட்காதவரை உள்ளே வராது. வந்த பதிப்பு எதுவானாலும், அதைப் பெயர் சொல்லிக் கேட்ட ஒருவரை மரத்தில் காட்டமுடியும். பொதுவான வரம்புகளோடு பதிப்பு தேர்வது என்பி-முழுமைச் சிக்கல் என்று சொல்வார்கள். இங்கே வரம்புகளே இல்லாததால் மரத்தை ஒருமுறை சுற்றிவந்தால் விடை கிடைத்துவிடும். ஒத்துப்போகாத மாற்றம் செய்தால் இறக்குமதிப் பாதையிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துப் பெயரை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நூலகம் எழுதுபவர்களுக்குத் தலைவலி. அதைத் தவிர்ப்பதற்காகவே 0-விலும் 1-லும் காலம் தள்ளும் திட்டங்கள் நிறைய. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வராது என்பது இன்னொரு விலை. யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும்.

அந்த விலை சிறியதல்ல என்பதை 2021 டிசம்பர் காட்டியது. லாக்4ஜெ என்ற லாகிங் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது உலகமெங்கும் கேட்கப்பட்ட கேள்வி 'நம்மிடம் அது இருக்கிறதா' என்பதுதான். பாதிக்கப்பட்ட ஜாவா தொகுப்புகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் அந்த நூலகம் ஒரு நிலைக்கும் கீழே புதைந்திருந்தது என்று கூகுளின் திறந்த மூலக் குழு அப்போது கணக்கிட்டது. திருத்தமும் ஒரே தடவையில் முடியவில்லை. 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்தன. இங்கே மேவனுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். சார்பு மேலாண்மைப் பகுதியில் ஒரு பதிப்பை எழுதினால் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் அதுவே வரும். நடுவில் உள்ள எந்த நூலகக்காரரின் தயவும் தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், பெயரைப் பார்த்தே பதறியவர்களும் உண்டு. ஸ்பிரிங் பூட்டின் இயல்பான அமைப்பில் லாக்4ஜெ-ஏபிஐ என்ற ஜார் வரும், ஓட்டை இருந்த லாக்4ஜெ-கோர் வராது. பட்டியலில் பெயர் இருந்ததே போதுமென்று விடுமுறையில் இருந்தவர்களைக் கூப்பிட்ட அலுவலகங்கள் கொஞ்சமல்ல.

நடைமுறையில் நிரலர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் எக்ஸ்க்ளூஷன் போட்டு. வேண்டாத சார்பை இந்த நூலகம் வழியாக வராதே என்று வெட்டிவிடுவது. ஒரே நேரத்தில் இரண்டு லாகிங் நூலகங்கள் வந்து சண்டையிட்டால் அது சரியான கருவிதான். பதிப்பு முரண்பாட்டுக்கு அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வெட்டியவர் காரணத்தை எழுதிவைப்பதில்லை. மூன்று ஆண்டு கழித்து மேல்நூலகம் மாறிவிட்டிருக்கும், வெட்டு அப்படியே இருக்கும், தொட யாருக்கும் துணிவு வராது. இந்த ஒரு விஷயத்தில் கிரேடில் செய்திருப்பது பாராட்டத்தக்கது: பதிப்புக் கட்டுப்பாட்டின் பக்கத்திலேயே 'ஏனென்றால்' என்று காரணம் எழுத இடம் வைத்திருக்கிறது, பின்னர் விசாரித்தால் அதை எடுத்துக் காட்டுகிறது.

மேவனிலேயே இருப்பவர்களுக்கு என்ஃபோர்சர் என்ற செருகுநிரல் உண்டு. அதில் எல்லாரும் ஒரே பதிப்பைத்தான் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தும் விதி ஒன்று இருக்கிறது. பெரிய திட்டத்தில் அதை இயக்கினால் முதல் நாளே நூறு பிழை கொட்டும், இரண்டாம் நாள் அணைத்துவிடுவார்கள். அதே செருகுநிரலில், தேர்ந்த பதிப்பு யாராவது கேட்டதைவிடப் பழையதாக இருந்தால் மட்டும் பில்டை நிறுத்தும் விதியும் இருக்கிறது. மேவனின் அசல் குற்றம் எதுவோ அதை மட்டும் பிடிக்கும் விதி அது. இதை இயல்பாகவே இயக்கிவைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கூடவே, நாம் நேரடியாக இறக்குமதி செய்வதை நாமே அறிவிக்க வேண்டும் என்ற ஒழுங்கும் வேண்டும். பேஸல் என்ற பில்டு கருவி அதைக் கண்டிப்பாகவே வற்புறுத்துகிறது. அறிவிப்பு வரிகள் கூடிப்போகின்றன என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. கூடட்டும். அடுத்தவர் வழியாக வந்ததை நம்பி எழுதிய நிரலைவிட நீளமான கோப்பு மேல்.

இவ்வளவும் செய்தாலும், சார்பு வேண்டுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதைப் பில்டு கருவியால் கேட்க முடியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு நூலகத்தில் பின்கதவு வைத்த கதை அதற்கு நல்ல உதாரணம். இலக்கு எஸ்எஸ்எச் சர்வர். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்த நூலகத்தைக் கேட்டதே இல்லை. டெபியன் போன்ற சில லினக்ஸ் வெளியீடுகள், 'தயார்' என்று சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக ஓப்பன்எஸ்எஸ்எச்சில் லிப்சிஸ்டம்டி நூலகத்தை ஒட்டியிருந்தன. லிப்சிஸ்டம்டி தன் வேறு தேவைக்காக எக்ஸ்ஸெட்டின் நூலகத்தைக் கூட்டிவந்தது. அனுப்ப வேண்டியதோ ஒரு சாக்கெட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி. அந்த ஆண்டு ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச் குழுவே அந்த அறிவிப்பைச் சொந்தமாக எழுதிச் சேர்த்துக்கொண்டது. இது லிப்சிஸ்டம்டியைச் சார்ந்ததல்ல என்று தன் வெளியீட்டுக் குறிப்பிலும் சொன்னது. சுருக்கு வழிமுறையையோ குறியாக்கத்தையோ இப்படி வீட்டில் எழுதச் சொல்லமாட்டேன். ஒரு வரிச் செய்தி அனுப்பத் தெரிந்த சர்வருக்கு அந்த இரண்டு நூலகங்களும் முதலிலேயே தேவைப்பட்டிருக்காது.