யாருக்கு வீண்?

மழைக்காலம் வந்தால் ஒரு வாக்கியம் செய்தித்தாளில் தவறாமல் வந்துவிடுகிறது: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. யாருக்கு வீண் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. மீஞ்சூரைத் தாண்டிப் பழவேற்காட்டுக் குப்பங்களில் நின்று இதை வாசித்தால் பொருள் தலைகீழாகிறது.

ஆந்திர மலைகளில் பிறக்கும் ஆரணியாறு இந்த ஏரியில்தான் முடிகிறது. வடகிழக்குப் பருவ வெள்ளம் ஏரியின் உப்பைத் தணிக்கிறது. முகத்துவாரத்தில் அடைத்த மணலைத் தள்ளுகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சு அந்த வாய் வழியாக உள்ளே வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போயாக வேண்டும். வெள்ளம் பொய்த்தால் வாய் தூர்ந்துபோகும், கோடையில் ஏரித் தண்ணி கடலைவிடக் கரிக்கும். பாடு முறை என்று இங்கே ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இறாலே இல்லாத இடத்தில் முறை வந்து என்ன பண்ண?

ஆற்றுக்கும் தண்ணீரில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஒரு அறிவியல் இருக்கிறது. சூழல் நீரோட்டம் என்கிறார்கள். 1976இல் அமெரிக்கர் டென்னன்ட் ஓடைகளை வைத்து ஒரு அட்டவணை போட்டார்: ஆண்டுச் சராசரியில் 10 சதவீதம் ஓடினால் மீன் கொஞ்சகாலம் உயிர் தாங்கும், 30 என்றால் நன்று. 2018இல் இந்திய அரசு மேல் கங்கைக்குப் பருவத்துக்கேற்ப 20, 25, 30 சதவீதம் என்று அறிவித்ததும் இந்தச் சதவீத மரபில்தான். அணைக்குக் கீழே ஆறு வறண்டு கிடப்பதற்கு இது மேல், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தபட்சத்தின் மொழி இது. முகத்துவாரத்துக்கு வேண்டியது குறைந்தபட்சம் அல்ல, சில நாள் பெருவெள்ளம். தென்னாப்பிரிக்கர்கள் 1990களில் வகுத்த முறை வெள்ளத்தையும் ஆற்றின் தேவையாகக் கணக்கில் சேர்த்தது. நம்மூரில் வெள்ளம் இன்னமும் பேரிடர் அல்லது வீண். (வெள்ளம் குப்பத்துக்குள்ளும் புகும் என்பது தெரியாமல் எழுதவில்லை.)

நம்முடைய சட்டப் பிரதி ஒன்றைப் பாருங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போவதற்கு 4. தப்பிப் போவதாம்! கடலுக்குப் போகும் ஆறு இந்தப் பிரதியில் காவலை மீறி ஓடும் கைதி. கழிமுகத்து மீனவர் இதில் மனுதாரராகக்கூட நுழைய முடியாது, ஏனென்றால் தப்பிப்போன பொருளுக்கு உரிமையாளர் இல்லை.

மீஞ்சூருக்குத் திரும்புவோம். கொசஸ்தலையை 1944இல் பூண்டியில் மறித்தார்கள், சென்னைக்காக. பிறகு மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து நிலத்தடி நீரையும் இறைத்தார்கள், அதுவும் சென்னைக்காக. 1960களின் இறுதியிலேயே கடல் நிலத்தடியில் ஏறத் தொடங்கிவிட்டது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை வந்தது. நன்னீர் நகரத்துக்கு, மிஞ்சும் கடும் உப்பு நீர் மறுபடி கடலுக்கு. ஆறு கடலுக்குத் தந்தால் வீண். கடலிலிருந்து காசு கொடுத்து எடுத்தால் வளர்ச்சி.

கணக்குப் போடுகிறவர்கள் அணையிலிருந்து கீழே இறங்காமல் முகத்துவாரத்திலிருந்து மேலே ஏறட்டும். ஐப்பசி கார்த்திகையில் மணலைத் தள்ள எத்தனை கன அடி, எத்தனை நாள்? பாடு வைத்திருக்கிறவர்களைக் கேட்டு அதை முதலில் எழுதட்டும். மிச்சத்தைப் பற்றி நகரம் அப்புறம் பேசலாம்.