பாட்டிக்கு யார் காசு கொடுத்தது?

வடை சுட்ட பாட்டியின் கதையை நாம் எல்லோரும் காக்கையின் கதையாகக் கேட்டே வளர்ந்தோம். ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதையில் காக்கையின் அலகில் இருப்பது இறைச்சித் துண்டு, அல்லது பாலாடைக்கட்டி. தமிழில் சொன்னவர்கள் அதை வடை ஆக்கினார்கள். வடை என்றதும் சுடுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மரத்தடியில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தாள். அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, ஊறவைத்த பருப்பு என்று கைக்காசைப் போட்டுத் தொழில் செய்கிறவள். முதல் வாக்கியத்தில் வந்தவளை இரண்டாம் வாக்கியத்திலேயே திருட்டுக் கொடுக்க வைத்து அனுப்பிவிடுகிறோம். பிறகு பேச்செல்லாம் காக்கைக்கும் நரிக்கும் இடையில்தான். புகழ்ச்சிக்கு மயங்காதே என்ற நீதியும் திருடிய காக்கைக்கே. பிற்காலத்தில் காக்கை வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடியதாக மாற்றிச் சொன்னார்கள். காக்கைக்குப் புத்தி வந்தது, நரி ஏமாந்தது. பாட்டிக்கு மட்டும் புதுப் பதிப்பு வரவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றூர்களில் சாப்பாட்டுக்கடை நடத்திய பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்தப் பாட்டியைவிட நன்கு அறிமுகமான ஒருத்தி எனக்குக் கிடைக்கவில்லை. ஆண்களுக்கு அப்படி இல்லை. எங்கள் ஊரிலிருந்து மதுரை போகிற வழியில், திருமங்கலத்துப் பக்கம் வடக்கம்பட்டி இருக்கிறது. அந்த ஊர்க்காரர் 1937இல் காரைக்குடியில் தொடங்கிய கடைதான் முதல் முனியாண்டி விலாஸ் என்று ஆண்டோடு சொல்கிறார்கள். தொடங்கியவர், ஊர், காவல் தெய்வம், அந்தத் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் பிரியாணிப் படையல் என்று முழு வரலாறும் உண்டு. விலாஸ், பவன், கபே எல்லாம் ஆண் நடத்திய கடையின் பெயர்கள். பெண் நடத்தினால் பலகை கிடையாது. ஆச்சி கடை, அக்கா கடை, பாட்டி கடை. உறவுமுறைதான் விலாசம்.

இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. முன்பின் தெரியாத ஆண்களுக்கு எதிரே கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குகிற பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்? ஆச்சி என்று கூப்பிட்டுவிட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடுகிறது. அவள் விதவையாகவோ வயதானவளாகவோ இருந்தால் இன்னும் வசதி. ஆனால் ஆச்சியிடம் பாக்கி வைக்கலாம், இன்னொரு கரண்டி சட்னி உரிமையோடு கேட்கலாம். முதலாளியிடம் கேட்க முடியுமா?

அந்தக் காலத்து உணவகத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காப்பி கிளப்பின் வரலாறு. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ அதைச் சுவையாகச் சொல்கிறது. பிராமணர் நடத்திய கிளப்புகள், அவற்றில் யார் எங்கே உட்காரலாம் என்ற சாதிப் பிரிவினை, எல்லாம் அச்சில் ஏறிய சங்கதிகள். தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்பது 1941 வரை நீடித்தது. கோயில் நுழைவுப் பகை முற்றி 1899இல் கலவரம் நடந்த சிவகாசி வட்டாரத்தில், யார் கையால் யார் சாப்பிடுவது என்பது சின்ன விஷயமாக இருந்திருக்காது. கிளப்புக்குள் போக முடியாதவரும் எங்கோ சாப்பிட்டார்கள். திண்ணையில் இட்லிப் பானை வைத்தவளுக்கு விளம்பரம் இல்லை, பங்குதாரர் இல்லை, வழக்கு இல்லை. ஆவணத்தில் ஏறுவதற்கான வழி ஒன்றுமே இல்லை.

பெருமைக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் திருத்தங்கல் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வருகிறது. பராசரன் என்ற வழிப்போக்கன் பரிசில் மூட்டையோடு இந்த ஊர் மன்றத்தில் இளைப்பாறுகிறான். சிறுவர்கள் வருகிறார்கள், வேதம் ஓதல் நடக்கிறது, பரிசு கைமாறுகிறது. அவன் எங்கே சாப்பிட்டான் என்று இளங்கோவுக்குத் தோன்றவில்லை. பெயரோடு வருகிற பெண் கார்த்திகை. கணவன் வார்த்திகன் சிறைப்பட்டதும் தரையில் விழுந்து அழுகிறாள்.

நம் காலத்துக் கதையிலும் இந்தக் கோணல் இருக்கிறது. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் உள்ள ‘சோற்றுக்கணக்கு’ என்னையும் கலங்க வைத்த கதைதான். திருவனந்தபுரம் சாலை பஜாரில் கெத்தேல் சாகிப் கணக்குப் பார்க்காமல் சோறு போடுகிறார். சாப்பிட்டவர் முடிந்ததை உண்டியலில் போடலாம். கதைசொல்லியின் மாமி அளந்து போடுகிறாள், போட்டதற்குக் கணக்கும் வைக்கிறாள். அவளுடைய இல்லாமையைக் கதை மறைக்கவில்லை. ஆனாலும் வாசகர் மனம் எங்கே போகும் என்பதில் ஐயமில்லை. சோறு போடும் ஆணின் கை தாயின் கையாக உயர்கிறது. கணக்கு வைத்த பெண்ணுக்கு அந்த உயரம் இல்லை. கணக்கில்லாமல் கொடுக்க ஒரு கடை வேண்டும், கடையைத் தாங்க நாலு பேர் உழைப்பும் தினசரிக் கொள்முதலும் வேண்டும். மாமியிடம் இருந்ததோ மாதத்துக்கு அளந்து வாங்கிய அரிசி. அவளுடைய கணக்கைக் கருமித்தனம் என்று வாசிக்க நம்மைப் பழக்கியது எது?

ஏனென்றால் நிர்வாகம் என்பதே அந்தக் கணக்குதான். திருத்தங்கலில் இன்றும் விடியுமுன் திறக்கிற இட்லிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் போகிற பெண்கள் அடுப்பு மூட்ட நேரமில்லாமல் வாங்கிப் போகிறார்கள். சம்பளம் சனிக்கிழமை. அதுவரை பற்று. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் இன்று மதியமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். இந்த வெயிலுக்கு மாவு சீக்கிரம் புளித்துவிடும், மறுநாளைக்கு நிற்காது. மழை பிடித்தால் வெடி காயாது, வேலை இல்லை, இட்லி மீந்துவிடும். எங்காவது விபத்து என்றால் சோதனை, அடைப்பு. இவ்வளவையும் வானத்தையும் ஊர்ப்பேச்சையும் வைத்தே கணித்து ஒருத்தி படியால் அளக்கிறாள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பிறகு இங்கே ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. உரிமையாளர் நட்டமும் தொழிலாளர் வேலையிழப்பும் செய்தியாயின. யார் பற்றைத் தொடர்வது, யாருக்கு மெல்ல நிறுத்துவது என்று கடைக்குக் கடை எடுத்த முடிவுகள் செய்தியாகவில்லை. ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவிகள் இந்தப் பற்று நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எண்ணெய்க் கறை படிந்திருக்கும். பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘கிணத்தடி வீடு’, ‘ரெட்டைப் பிள்ளைக்காரி’ என்று எழுதி, எதிரே இட்லி எட்டு, வடை இரண்டு என்று இருக்கும்.